வன்னிப் பாடசாலைகளுக்கான உதைபந்தாட்ட லீக்: போட்டி நிரலும் அரையிறுதித் தகுதியும்

பாடசாலைகளுக்கிடையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றைப் பொறுப்பேற்கும் உடற்கல்வி ஆசிரியர் பெரும்பாலும் முதலில் மைதானத்தையும் வெற்றிக் கிண்ணத்துக்கான அனுசரணையாளரையும் தேடிப் புறப்படுகிறார். எந்த அணி எந்த அடிப்படையில் அரையிறுதிக்குப் போகும் என்பதை எழுதும் வேலை கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். தகுதி விதி முதலில் எழுதப்பட வேண்டும், அதன் பின் நிரல். கிண்ணம் எப்போது வந்தாலும் பாதகமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் நிரல் தயாரித்த ஒரு சுற்றில் மூன்று பாடசாலைகள் ஒரே புள்ளியில் முடித்தன. விதித்தாளில் “புள்ளிகள் சமமாயின் கோல்கள் கவனிக்கப்படும்” என்ற ஒரே வரிதான் இருந்தது. அதை எழுதியவனும் நானே. அடித்த கோல்களா, கோல் வித்தியாசமா, மூன்று அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்கள் மட்டுமா, எல்லா ஆட்டங்களுமா என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பொறுப்பாசிரியர்கள் பொழுது படும்வரை வாதாடினார்கள். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றாமல் வேலியோரம் குந்தியிருந்தார்கள்.

விதியை எழுதுவதற்கும் முன்னர் கையிலுள்ள நாட்களை எண்ண வேண்டும். வன்னியில் ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்கால மழை. அக்காலத்தில் பல பாடசாலை மைதானங்கள் தேங்கிய நீருடன்தான் இருக்கும். மழை விட்டதும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும், அதே மைதானத்தில் ஓட்டப் பாதை கீறப்பட்டிருக்கும். ஆகவே சித்திரைப் புத்தாண்டுக்குப் பிந்திய மாதங்களே லீக் போட்டிகளுக்குப் பொருத்தமானவை. அதற்குள்ளும் வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை அண்டிய நாட்களில் போட்டி வைக்கக் கூடாது. வீரர்களும் வரமாட்டார்கள், வாகனமும் கிடைக்காது. மடு மாதா திருவிழாக்கள் ஆடி (யூலை) 2 ஆம் திகதியும் ஆவணி (ஓகஸ்ட்) 15 ஆம் திகதியும் வருவதால் கத்தோலிக்கப் பிள்ளைகள் உள்ள அணிகளுக்கு அந்நாட்களை ஒதுக்கி வைக்க வேண்டும். பொதுப் பரீட்சைத் திகதிகள் அண்மைய ஆண்டுகளில் இடம்மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதால், பழைய ஞாபகத்தை நம்பாமல் அவ்வாண்டின் சுற்றறிக்கையைப் பார்த்தே நாட்காட்டியில் கோடிடுங்கள். வலய, மாகாண மட்டப் போட்டிகளின் திகதிகளையும் அதே தாளில் குறித்தால், எஞ்சுவது பெரும்பாலும் ஏழெட்டு வார இறுதிகளாகவே இருக்கும்.

அந்த எண்ணிக்கைதான் போட்டியின் வடிவத்தைத் தீர்மானிக்கும். எல்லா அணிகளும் ஒன்றையொன்று ஒரு தடவை சந்திக்கும் லீக்கில் ஆட்டங்களின் தொகையை அறிய, அணிகளின் எண்ணிக்கையை அதிலும் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். ஆறு அணிகளுக்கு 15 ஆட்டங்கள், எட்டு அணிகளுக்கு 28, பத்து அணிகளுக்கு 45. எட்டு அணிகளை நான்கு நான்காகப் பிரித்தாலோ குழு ஆட்டங்கள் 12 உடன் முடிந்துவிடும். இரு அரையிறுதி, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், இறுதி ஆகியவற்றைச் சேர்த்தாலும் 16 தான். ஏழு வாரங்களுக்குக் குறைவாக இருப்பின் எட்டு அணிகளைக் கொண்டு முழு லீக் நடத்த முனைவது வீண் முயற்சி.

குழுக்களைப் பிரிக்கும்போது முந்திய ஆண்டின் பலமான அணிகளை வேறுபடுத்தி வைப்பதே பொதுவான வழக்கம். வன்னியில் அதைவிடப் பாதைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமானவை. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் ஆகிய இடங்களின் பாடசாலைகளை ஒரு குழுவாகவும், முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவிப் பாடசாலைகளை மறு குழுவாகவும் அமைத்தால் ஒவ்வொரு குழுவும் தன் வீதியை ஒட்டியே பயணம் செய்யும். பலமான இரண்டு அணிகள் ஒரே குழுவில் அகப்பட்டுவிடலாம் என்பது உண்மைதான். அதற்காக மல்லாவிப் பிள்ளைகள் மூன்று தடவை கரையோரம் வரை போய் இரவில் வீடு திரும்புவதை நான் ஏற்கமாட்டேன். மாவட்ட எல்லையைத் தாண்டும் குழுக்களாயின் இரு தரப்பு வலயக் கல்விப் பணிமனைகளின் எழுத்துமூல அனுமதியும் தேவைப்படும்.

ஆறு அணிகள் கொண்ட ஒற்றை லீக்குக்கான நிரலைச் சுழற்சி முறையில் சில நிமிடங்களில் எழுதிவிடலாம். அணிகளுக்குத் திருவுளச்சீட்டு மூலம் 1 முதல் 6 வரை இலக்கமிட்டு, மேல் வரியில் 1, 2, 3 என்றும் கீழ் வரியில் 6, 5, 4 என்றும் எழுதுங்கள். மேலும் கீழுமாக நிற்பவை முதற் சுற்றில் மோதும். பின்னர் 1 ஐ அசைக்காமல், ஏனைய ஐந்து இலக்கங்களையும் மணிக்கூட்டு முள் சுழலும் திசையில் ஒவ்வோர் இடம் நகர்த்தினால் அடுத்த சுற்று கிடைக்கும். முழு நிரல் பின்வருமாறு அமையும்:

முதற் சுற்று: 1–6, 2–5, 3–4
இரண்டாம் சுற்று: 1–5, 6–4, 2–3
மூன்றாம் சுற்று: 1–4, 5–3, 6–2
நான்காம் சுற்று: 1–3, 4–2, 5–6
ஐந்தாம் சுற்று: 1–2, 3–6, 4–5

அணிகள் ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் ஓர் இலக்கத்தை வெறுமையாக விட்டு இதே முறையைப் பின்பற்றலாம். அந்த இலக்கத்தை எதிர்கொள்ளும் அணிக்கு அன்று ஓய்வு. இலக்கமிடும் வேளையில் எல்லாப் பொறுப்பாசிரியர்களும் கூடியிருப்பது நல்லது. தனியறையில் எழுதிய நிரல் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் யாரோ ஒருவர் அதில் ஓர் உள்நோக்கத்தைக் கண்டுபிடிப்பார்.

நேரக் கணக்கைக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். பாதிக்கு 35 நிமிடம், இடைவேளை 10 நிமிடம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 80 நிமிடம். இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில் 15 நிமிடம் விட்டால் மொத்தம் 175 நிமிடம். மூன்று மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடியும், அதுவும் எவரும் தாமதிக்காவிட்டால். தூரத்து அணிகளை முதல் ஆட்டத்தில் இறக்குங்கள், மைதானத்துக்குரிய பாடசாலையை இரண்டாவது ஆட்டத்தில் வையுங்கள். ஒரே அணிக்கு இரு ஆட்டங்களுக்கிடையில் குறைந்தது 48 மணி நேரம் கொடுக்கப்பட வேண்டும். சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஆடவைப்பது அமைப்பாளருக்கு வசதி, வளரும் பிள்ளையின் முழங்காலுக்கு அல்ல.

இனித் தகுதி விதி. வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று என்ற முறை இங்கிலாந்தில் 1981 இல் நடைமுறைக்கு வந்து, 1994 இல் உலகக் கிண்ணத்திலும் ஏற்கப்பட்டது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. விவாதம் எழுவது புள்ளிகள் சமமாகும்போதுதான். 1994 உலகக் கிண்ணத்தின் ‘E’ பிரிவில் மெக்சிக்கோ, அயர்லாந்து, இத்தாலி, நோர்வே ஆகிய நான்கும் தலா நான்கு புள்ளிகளுடனும் பூச்சிய கோல் வித்தியாசத்துடனும் முடித்தன; ஒரேயொரு கோலை மட்டும் அடித்திருந்த நோர்வே வெளியேறியது. உலக மட்டத்தில் நடப்பது ஒட்டுசுட்டானிலும் நடக்கும்.

பிரதானமாக இரு வழிகள் உள்ளன. ஒன்று, குழுவின் எல்லா ஆட்டங்களிலும் பெற்ற கோல் வித்தியாசத்தை முதலில் பார்ப்பது. மற்றது, சமநிலையில் நிற்கும் அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பது. ஐரோப்பியக் கிண்ணத்தில் பின்பற்றப்படுவது இதுவே. இரண்டும் ஒரே விடையைத் தரும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. அ, ஆ, இ, ஈ என நான்கு அணிகள். அ அணி ஆ அணியை 1–0 என்றும், ஆ அணி இ அணியை 3–1 என்றும், இ அணி அ அணியை 2–1 என்றும் வெல்கின்றன. பலவீனமான ஈ அணியிடம் அ 2–0, ஆ 1–0, இ 5–0 என வெல்கின்றன. அ, ஆ, இ மூன்றுக்கும் தலா ஆறு புள்ளிகள்.

எல்லா ஆட்டங்களையும் எடுத்தால் இ அணி எட்டு கோல் அடித்து நான்கு வாங்கியுள்ளது, வித்தியாசம் நான்கு. அ, ஆ இரண்டும் நான்கு அடித்து இரண்டு வாங்கி, இரண்டு என்ற வித்தியாசத்தில் சமமாக நிற்கின்றன. எனவே இ முதலிடம், ஆ அணியை நேரில் வென்ற அ இரண்டாமிடம், ஆ வெளியே. ஈ அணியுடனான ஆட்டங்களை நீக்கிப் பாருங்கள். ஆ மூன்று அடித்து இரண்டு வாங்கியது, அ இரண்டுக்கு இரண்டு, இ மூன்று அடித்து நான்கு வாங்கியது. இப்போது ஆ முதலிடம், அ இரண்டாமிடம், இ வெளியே. ஒரே ஆட்டங்கள், ஒரே கோல்கள். முன்னர் முதலிடத்தில் நின்ற அணி வெளியேறுகிறது, வெளியேறிய அணி முதலிடத்துக்கு வருகிறது.

எதைத் தேர்வது? இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். பதினொருவரைத் திரட்டவே சிரமப்படும் சிறு பாடசாலைகள் வன்னியில் பல உள்ளன. கோல் வித்தியாசம் முதலாவது அளவுகோலாக இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு எதிராக எட்டாவது, ஒன்பதாவது கோலையும் தேடி ஓடும்படி பலமான அணியை நாமே தூண்டுகிறோம். ஆகவே விதித்தாளில் இவ்வாறு எழுதலாம்: புள்ளிகள் சமமாயின், முதலில் சமநிலை அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள்; அடுத்து அவ்வாட்டங்களின் கோல் வித்தியாசம்; அடுத்து முழுக் குழுவின் கோல் வித்தியாசம், இதில் ஓர் ஆட்டத்துக்கு ஐந்து கோலுக்கு மேற்பட்ட வித்தியாசம் கணக்கில் சேராது; அடுத்து முழுக் குழுவிலும் அடித்த கோல்கள்; அடுத்து மஞ்சள், சிவப்பு அட்டைகள்; கடைசியாகத் திருவுளச்சீட்டு. அட்டைகளைச் சேர்ப்பது அலங்காரத்துக்காக அல்ல. 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் மற்றெல்லாவற்றிலும் சமமாக நிற்க, நான்கு மஞ்சள் அட்டைகள் பெற்ற ஜப்பான் முன்னேறியது, ஆறு பெற்ற செனகல் வெளியேறியது. எனவே மத்தியஸ்தரின் அறிக்கையில் அட்டைகள் சரியாகப் பதியப்படுவதை ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் உறுதிப்படுத்த வேண்டும்.

புதுமை செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 1994 தை மாதம் கரீபியன் கிண்ணத் தகுதிச் சுற்றில், மேலதிக நேரத்தில் அடிக்கப்படும் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்று ஒரு விதி இருந்தது. இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்த பார்படோஸ், 2–1 என முன்னிலையில் இருந்தபோது தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்து ஆட்டத்தைச் சமமாக்கி, மேலதிக நேரத்தில் 4–2 என வென்று தகுதி பெற்றது.

வராத அணிக்கு எதிராக 3–0 என்ற முடிவு வழங்குவது வழமை. எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதையும் எழுத வேண்டும். நம் வீதிகளுக்கு 20 நிமிடம் நியாயமானது. இடையில் விலகும் அணி தன் ஆட்டங்களில் அரைவாசியும் ஆடியிராவிட்டால் அதன் எல்லா முடிவுகளையும் நீக்குங்கள். அதற்கு மேல் ஆடியிருந்தால் மீதி ஆட்டங்களை எதிரணிகளுக்கு 3–0 ஆகக் கொடுங்கள். இடைநிறுத்தப்பட்ட ஆட்டம், போட்டி விதிகள் வேறாகச் சொல்லாதவிடத்து, மீள ஆடப்பட வேண்டும் என்பதே உதைபந்தாட்டச் சட்டம். மழைக்கென ஓர் உபரி நாளை நிரலிலேயே ஒதுக்கி வைத்திருந்தால் அது பெரிய சிக்கலாகாது.

குழுவின் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கிண்ணத்தில், ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மோதியபோது, அதே குழுவிலிருந்த அல்ஜீரியா முந்திய நாளே தன் ஆட்டங்களை முடித்திருந்தது. ஜேர்மனி ஒரு கோலால் வென்றால் இரு அணிகளுக்கும் இடமுண்டு என்று இரண்டுக்கும் தெரிந்திருந்தது. பத்தாவது நிமிடத்தில் அந்தக் கோல் விழுந்த பின் ஆட்டம் பெயரளவிலேயே நடந்தது, அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் உலகக் கிண்ணத்தில் கடைசிக் குழு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நமக்கு இரு மைதானங்களும் இரு மத்தியஸ்தர் குழுக்களும் தேவைப்படும். புதுக்குடியிருப்பில் ஓர் ஆட்டமும் விசுவமடுவில் மற்றதுமாக வைத்து, தொலைபேசியில் பேசிக்கொண்டு ஒன்றாக விசில் ஊதினால் போதும்.

குழுக்கள் சமமற்றவையாக இருந்து, நான்கு அணிக் குழுவின் இரண்டாமிடத்தை ஐந்து அணிக் குழுவின் இரண்டாமிடத்துடன் ஒப்பிட நேர்ந்தால், ஐந்தாமிட அணியுடனான முடிவை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பதினாறு பாடசாலைகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் ஐந்தாறு ஆட்டங்களே ஆட முடியும் என்ற நிலையில் வேறு வழி வேண்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், உதைபந்தாட்டத்திலிருந்து வேறான அமெரிக்கக் கால்பந்துக்கு, ஒரு பாடசாலை தான் வென்ற அணிகள் பெற்ற வெற்றிகளுக்காகவும் புள்ளி பெறுகிறது. பலவீனமான எதிரிகளை மட்டும் தேடி ஆடுவோருக்கு அதனால் இலாபமில்லை. அழகான முறைதான், ஆனால் மைதானத்தோரத்தில் நிற்கும் பெற்றாருக்கு அதை விளக்கிச் சொல்லப் பொறுமை வேண்டும்.

அரையிறுதியில் ஒரு குழுவின் முதலிடம் மற்றக் குழுவின் இரண்டாமிடத்தைச் சந்திக்கும். சமநிலையாயின் மேலதிக நேரமின்றி நேரே தண்ட உதைக்குப் போவது இருட்டையும் களைப்பையும் கருதும்போது உகந்தது. முறைப்பாடுகள் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும். அதை ஆராயும் குழுவில் மூவரோ ஐவரோ இருக்க வேண்டும், சம்பந்தப்பட்ட பாடசாலையின் ஆசிரியர் அதில் இருக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியுடனான வீரர் பட்டியலும் விதித்தாளும், முதற் போட்டிக்கு ஒரு வாரம் முன்னராவது அதிபர்களின் கையொப்பத்துடன் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். புள்ளிப் பட்டியலை அன்றன்று மாலையே வட்ஸ்அப்பில் எல்லாப் பொறுப்பாசிரியர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்; கூட்டலில் பிழையிருந்தால், முன்னேறும் அணி அறிவிக்கப்படும் முன்னரே யாராவது சொல்லிவிடுவார்கள்.