விட்டத்தில் நுழையும் பிழைகள்

வட்டக் கணக்கில் விடை தப்பினால் சூத்திரம் மறந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சூத்திரம் சரியாகவே இருக்கும். அதில் போட்ட எண்தான் தவறு. ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டம் உட்கார்ந்திருக்கும், அல்லது விட்டம் என்று எடுத்துக்கொண்ட கோடு விட்டமாகவே இருக்காது.

இரண்டாவது பிழையை முதலில் பார்ப்போம். வட்டத்தின் மேல் உள்ள எந்த இரு புள்ளிகளை இணைத்தாலும் அது நாண். அந்த நாண் மையத்தின் வழியே போனால்தான் விட்டம். 'வட்டத்தைக் குறுக்கே வெட்டும் கோடு' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு மையம் விடுபட்டுப்போகிறது.

இந்தப் பிழை கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. ஆரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி ஒரு நாண் வரைந்தால், பிதாகரஸ் தேற்றப்படி அதன் பாதி √(100 − 36) = 8, முழு நீளம் 16 செ.மீ. விட்டமான 20 செ.மீ.க்குக் குறைவு என்று பார்த்தாலே தெரியும். அதுவே 1 செ.மீ. மட்டும் தள்ளியிருந்தால் நீளம் 2√99, அதாவது சுமார் 19.9 செ.மீ. மையம் ஒரு சென்டிமீட்டர் தவறியிருக்கிறது. அளவுகோலோ ஒரு மில்லிமீட்டர்தான் குறைத்துக் காட்டுகிறது. விட்டத்தின் நீளம் மட்டும் போதும் என்றால் இது நமக்குச் சாதகம்: அளவுகோலின் சுழியை வட்டத்தின் ஒரு புள்ளியில் நிறுத்தி, மறுமுனையை மெல்ல நகர்த்தி, கிடைக்கும் மிகப் பெரிய அளவை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோட்டின் நடுப்புள்ளியை மையம் என்று நம்பிக் கவராயத்தைக் குத்தினால், புது வட்டம் முழுதாக ஒரு சென்டிமீட்டர் விலகிப்போகும்.

மையம் தெரியாத வட்டத்துக்கு இரண்டு நாண்கள் வரைந்து, இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு, அதாவது நாணின் நடுப்புள்ளி வழியே அதற்குச் செங்குத்தாகப் போகும் கோடு, வரைய வேண்டும். அவை வெட்டும் புள்ளியே மையம். நாண்கள் இணையாக இருந்தால் இரண்டு குத்துக்கோடுகளும் ஒரே கோடாகிவிடும், வெட்டும் புள்ளியே கிடைக்காது. ஏறக்குறைய இணையாக இருந்தாலும் தொல்லைதான்: கோடுகள் மிகச் சாய்வாகச் சந்திப்பதால், பென்சில் கோட்டின் தடிமனே புள்ளியை அங்குமிங்கும் இழுத்துவிடும். நாண்களை ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட செங்குத்தாகவும் நீளமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலைமட்டம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அதன் 90° முனையை வட்டத்தின் மேல் வைத்து, இரு பக்கங்களும் வட்டத்தை வெட்டும் இடங்களை இணைத்தால் அது விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதன் மறுதலை இது. வேறொரு இடத்தில் இதையே மறுபடி செய்தால் இரு விட்டங்களும் மையத்தில் சந்திக்கும்.

உருண்டைப் பொருள்களில் நாடாவைச் சுற்றி, சுற்றளவை π-ஆல் வகுப்பது நல்ல வழி. சுற்றளவில் வரும் 1 மி.மீ. பிழை விட்டத்தில் 0.3 மி.மீ.க்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். நூலால் சுற்றினால் அது இழுபடாமலும், முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் என்றால் உள்விட்டமா வெளிவிட்டமா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 60 மி.மீ., சுவரின் தடிமன் 3 மி.மீ. என்றால் உள்விட்டம் 57 அல்ல, 54. சுவர் இரு பக்கமும் இருக்கிறது.

எல்லாத் திசையிலும் அகலம் ஒன்றாக இருந்தால் அது வட்டம்தான் என்ற நம்பிக்கையும் தவறு. ரூலோ முக்கோணம் என்னும், பக்கங்கள் வெளிப்புறமாக வளைந்த உருவத்தை எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் அகலம் மாறாது. ஆனால் அதற்கு மூன்று முனைகள் உண்டு. மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தூரம் எங்கும் சமமாக இருப்பதே வட்டத்துக்கு அடையாளம்.

இனி சூத்திரங்கள். விட்டம் 14 செ.மீ. என்றால் ஆரம் 7, பரப்பளவு 22/7 × 49 = 154 ச.செ.மீ. ஆரத்தின் இடத்தில் 14 போட்டால் 616 வரும். சுற்றளவில் இரு மடங்காகும் பிழை, வர்க்கம் இருப்பதால் பரப்பளவில் நான்கு மடங்காகிவிடுகிறது. விட்டத்தை வைத்தே எழுதுபவர்கள் πd²/2 என்று முடித்துவிடுவதும் இதே காரணத்தால்தான்: ஆரம் d/2, அதன் வர்க்கம் d²/4, ஆகவே பரப்பளவு πd²/4. பரப்பளவிலிருந்து திரும்பி வரும்போது 154-ஐ 22/7-ஆல் வகுத்து 49, வர்க்கமூலம் 7 என்றதும் நிறுத்திவிடுகிறார்கள்; கேட்டது விட்டம் என்றால் இன்னும் ஒரு படி, 14.

22/7, 3.14 இரண்டுமே தோராயங்கள். முன்னது உண்மையான π-ஐவிடச் சற்றுக் கூடுதல், பின்னது சற்றுக் குறைவு. 100 மீட்டர் விட்டத்துக்கு அவை தரும் சுற்றளவுகள் சுமார் 29 செ.மீ. வேறுபடும். ஒரே கணக்கில் பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கூடாது.

அரைவட்டத்தின் சுற்றளவு கேட்டால் வளைவை மட்டும் எழுதி நிறுத்துவது இன்னொரு வழக்கம். ஆரம் 7 செ.மீ. என்றால் வளைவு 22 செ.மீ.; அதை மூடும் நேர்கோடு விட்டம், 14 செ.மீ. விடை 36 செ.மீ.