வெறும் உயிரெழுத்தை நம்பாதீர்கள்: டெனே மொழிகளில் தொனி பதிவுசெய்யப் போகிறவர்களுக்கு

கள ஆய்வு முடித்து வரும் மாணவர்களின் குறிப்பேடுகளைப் பார்த்துக் கொடுக்கும் வேலை வருஷாவருஷம் என் தலையில் விழும். இந்த வருஷம் வந்தவற்றைப் புரட்டினால், நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் செய்த குளறுபடிகளெல்லாம் ஒன்று விடாமல் இருக்கின்றன. மெமரி கார்டை மறந்தது, மைக்கை மேசைமேல் வைத்து டீ டம்ளர் சத்தத்தையும் சேர்த்துப் பதிந்தது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒருதடவை பட்டால் அவை தானாகத் தெளிந்துவிடும். செய்தவருக்கே தெரியாமல் பல வருஷம் கழித்து அடுத்தவர் தலையில் விடியும் தவறுகள்தான் என் கவலை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தொனி என்றால் சொல்லின் பொருளையே மாற்றிவிடும் சுருதி ஏற்ற இறக்கம். டெனே என்றும் அதபாஸ்கன் என்றும் சொல்லப்படும் மொழிக்குடும்பம் அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்கிலும் பரவியிருக்கிறது. அதன் சில கிளைகள் ஓரிகன், கலிபோர்னியா கரையோரத்திலும், நவஹோ, அப்பாச்சி மொழிகளாக அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கமும் இருக்கின்றன. இவற்றின் மூலமொழியில் தொனி கிடையாது. வேர்ச்சொல்லின் கடைசியில் குரல்வளையை இறுக்கிப் பேசிய இடங்களில் பின்னாளில் தொனி முளைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த இறுக்கம் சில மொழிகளில் கீழ்தொனியாகவும் சிலவற்றில் மேல்தொனியாகவும் ஆகிவிட்டது. மொழியியலாளர் மைக்கேல் கிராஸ் இதைப் பற்றி 1979-ல் எழுதிய கட்டுரை கைக்குக் கை மாறி வாசிக்கப்பட்டு, 2005-ல்தான் ஒரு தொகுப்பில் அச்சேறியது. அதே தொகுப்பில் ஜான் கிங்ஸ்டன் ஒரு விளக்கம் தந்தார். குரல்வளையை இறுக்கும்போது குரல்நாண்களை விறைப்பாக இழுத்தால் சுருதி ஏறும், தளர்த்திக் கரகரக்க விட்டால் இறங்கும். இரண்டு வழியும் உண்டு. அலாஸ்காவின் ஆத்னா, டெனைனா, கலிபோர்னியாவின் ஹூப்பா ஆகியவற்றில் தொனியே வரவில்லை.

கனடாவில் பக்கத்துப் பக்கத்தில் பேசப்படும் ட்லிச்சோவையும் டெனே சுலினேயையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலையைக் குறிக்கும் சொல் ட்லிச்சோவில் கீழ்தொனி, டெனே சுலினேயில் மேல்தொனி. தண்ணீருக்கான சொல் அப்படியே தலைகீழ்: ட்லிச்சோவில் மேல், டெனே சுலினேயில் கீழ். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. ஊகிக்கத்தான் கை அரிக்கும்.

குறி போடாமல் விட்ட இடம்

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு தொனி மட்டும் உள்ள மொழிக்கு எழுத்துமுறை அமைப்பவர்கள் ஒன்றுக்கு மட்டும் குறி வைப்பார்கள். நவஹோவில் மேல்தொனிக்கு உயிரெழுத்தின் தலையில் வலப்பக்கம் ஏறும் கோடு உண்டு, கீழ்தொனி வெறுமனே நிற்கும். ட்லிச்சோவில் கீழ்தொனிக்குத்தான் கோடு, மேல்தொனி வெறுமை. கிரேட் ஸ்லேவ் ஏரிக்கு வடக்கே பெச்சோகோ, வாட்டி, கமெட்டி ஊர்களின் பெயரை எழுதிய இடத்தில் கடைசி எழுத்தின் மேல் அந்தச் சரிவுக்கோட்டைப் பார்க்கலாம். மொழி தெரிந்தவர் வாசிப்பதற்கு இந்த ஏற்பாடு போதும், நல்ல ஏற்பாடும்கூட. கைவலி மிச்சம், பக்கமும் சுத்தமாக இருக்கும்.

புதிதாகப் போகிறவர் இதே எழுத்துமுறையைத் தன் களக்குறிப்பேட்டிலும் பயன்படுத்துவதில்தான் வினை. ட்லிச்சோ பாட்டி ஒருவர் ஒரு சொல் சொல்கிறார். இவர் மெய்யெழுத்தைப் பிடிக்கிறார், மூக்கொலியைப் பிடிக்கிறார், தொனி சரியாகக் காதில் விழவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று வெறும் உயிரெழுத்தை எழுதி வைக்கிறார். அடுத்த சொல்லில் மேல்தொனி தெளிவாகவே கேட்கிறது. முறைப்படி அதையும் வெறுமையாகத்தான் எழுதவேண்டும், எழுதுகிறார். இப்போது அந்தப் பக்கத்தில் இரண்டு வெறும் எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று ‘மேல்’, இன்னொன்று ‘தெரியாது’. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு வாரம் போனால் எழுதியவருக்கே தெரியாது.

இந்த வருஷம் ஒரு மாணவனிடம் அவன் பட்டியலில் விரலை வைத்துக் கேட்டேன்.

“இது என்ன தொனி?”

“குறி இல்லையே அக்கா, அப்ப மேல்தான்.”

“கேட்டுட்டு விட்டியா, கேக்காம விட்டியா?”

அவன் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தான். “பாதி கேட்டுட்டுதான்கா விட்டேன்.”

எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. அவனிடம் ஒலிப்பதிவு இருந்தது, பேசியவரும் நலமாக இருக்கிறார், ஃபோன் போட்டால் எடுப்பார். தப்பித்தான்.

எனக்குக் கைமாறி வந்த ஒரு பட்டியலுக்கு அந்த யோகம் இல்லை. நூற்றுக்கணக்கான சொற்கள், அழகான எக்செல் கோப்பு, தொனிக்கென்றே தனிப் பத்தி. அந்தப் பத்தியில் முக்கால்வாசி காலி. தொகுத்தவருக்கு எழுதிக் கேட்டேன். காலியாக இருந்தால் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், சில இடத்தில் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருப்பேன் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சொல் கொடுத்த பாட்டி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. கேசட்டுகளில் பட்டியலின் ஒரு பகுதிதான் இருந்தது. மகளிடம் உட்கார்ந்து திரும்பக் கேட்டோம். அவர் வளர்ந்தது வேறு ஊர், சில சொற்களை அம்மா எப்படிச் சொல்வார் என்று அவருக்கே சந்தேகம். கடைசியில் ஒலிப்பதிவு உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியின் தொனிப் பத்தியை மொத்தமாக அழித்தேன். சரியாகக் கேட்டு விட்ட இடங்களும் அதோடு போயின. ட்லிச்சோ பேசுகிறவர்களே சுமார் 2,000 பேர்தான். அங்கே ஒரு பாட்டி உட்கார்ந்து கொடுத்த மத்தியானங்கள் அவை. கோபம் வராமல் என்ன செய்யும்?

கோப்பு இன்னொரு கோப்போடு சேரும்போது தலைவலி இரட்டிப்பாகும். நவஹோ பட்டியலையும் ட்லிச்சோ பட்டியலையும் ஒப்பிடுவதற்காக ஒரே அட்டவணையில் ஒட்டுகிறார்கள். வெறும் எழுத்து அங்கே கீழ், இங்கே மேல். அட்டவணைக்கு அது தெரியுமா? போதாக்குறைக்கு, இரண்டும் பொருந்தவில்லையே என்று யாராவது ஒரு நல்ல மனதுக்காரர் ‘திருத்தி’யும் வைத்துவிடுவார்.

தொனியைக் கவனிக்காமலே எழுதியவர்களின் குறிப்பு இதைவிடத் தேவலை. பிளினி கோடார்ட் கோல்ட் லேக்கில் திரட்டிய டெனே சுலினே கதைகள் 1912-ல் வெளியாயின. தொனிக் குறியே கிடையாது. அதைக் கையில் எடுக்கும் யாரும் தொனி இருக்கும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். 1922-ல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் கால்கரி அருகே சார்சி என்ற இன்னொரு டெனே மொழியில் தொனி இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவர் லி ஃபாங்-குவெய், சீனமொழியில் வளர்ந்தவர், 1928-ல் ஃபோர்ட் சிப்பவையனுக்குப் போய் டெனே சுலினேயைத் தொனியோடு எழுதிக்கொண்டு வந்தார். கோடார்ட் விட்டதை லி நிரப்பினார் என்று சொல்லலாம். பாதி கேட்டு, பாதி கேட்காமல், இரண்டையும் ஒரே மாதிரி எழுதி வைத்ததை யார் நிரப்புவது? எங்கே ஓட்டை என்றே தெரியாதே.

ஆகவே குறிப்பேட்டில் மூன்று குறி வேண்டும். மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, கேட்கவில்லை அல்லது நிச்சயமில்லை என்பதற்கு ஒன்று. நான் உயிரெழுத்தின் தலையில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவேன். எந்த உயிரும் மொட்டையாக நிற்கக் கூடாது. எக்செல்லில் காலி அறை இருந்தால் அந்த வரி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஊர் எழுத்துமுறைக்கு மாற்றுவது கடைசி வேலை. அதற்கு ஒரு தனிப் பத்தி வையுங்கள், மூலத்தின் மேலேயே மாற்றி எழுதாதீர்கள். அசிங்கமாக இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். இருக்கட்டும்.

ஒற்றைச் சொல்லாகக் கேட்பது

“தண்ணிக்கு என்ன, நெருப்புக்கு என்ன, கல்லுக்கு என்ன” என்று வரிசையாகக் கேட்டால் ஒவ்வொரு பதிலும் ஒரு முழு வாக்கியம்போலக் கடைசியில் இறங்கி முடியும். அந்த இறக்கம் வாக்கியத்துடையது. அதைச் சொல்லின் கீழ்தொனி என்று எழுதிவிட்டால் பட்டியல் பூரா கீழ்தொனிதான். கென்னத் பைக் 1948-லேயே வழி சொல்லியிருக்கிறார்: மாறாத ஒரு வாக்கியச் சட்டத்தை வைத்துக்கொண்டு நடுவில் சொல்லை மட்டும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் உள்ள அசைகளின் சுருதி தெரிந்திருந்தால் நடுவில் இருப்பது அதைவிட மேலா கீழா என்று காதே சொல்லிவிடும். தொனி என்பது ஒப்பீடு. பாட்டியின் கீழ்தொனி தாத்தாவின் மேல்தொனியைவிட உயரத்தில் இருக்கலாம்.

பேசுகிறவரிடம் “இது மேலா கீழா” என்று கேட்காதீர்கள். “இந்த இரண்டும் ஒரே மாதிரியா?” என்று கேளுங்கள். விசிலடித்துக் காட்டச் சொன்னால் சிலர் அட்டகாசமாகக் காட்டுவார்கள், சிலர் சிரித்துவிட்டு டீ போடப் போய்விடுவார்கள்.

நம் காதும் நம் வாயும்

தமிழ்க் காதுக்குச் சுருதி ஏறினால் கேள்வி, சந்தேகம், கோபம். சொல்லின் பொருள் அதில் இருக்கும் என்று நமக்குத் தோன்றாது. நவஹோவில் ‘நிலி’ என்பதில் இரண்டாம் அசை எப்போதும் மேலேதான். முதல் அசையும் மேலே போனால் ‘நீ இருக்கிறாய்’, கீழே நின்றால் ‘அவர் இருக்கிறார்’. ‘அஸே’ கீழே இருந்தால் மருந்து, மேலே போனால் வாய்.

காதைவிட வாய் ஆபத்து. கேட்ட சொல்லைச் சரிபார்க்க நாம் திருப்பிச் சொல்லும்போது “அஸே?” என்று கடைசியை இழுத்து உயர்த்துவோம். நவஹோவில் ஆமா-இல்லையா கேள்விக்குத் தனி இடைச்சொல் இருக்கிறது, குரலை உயர்த்தவேண்டியதில்லை. எதிரில் இருப்பவருக்கு நீங்கள் மருந்தைக் கேட்டு வாயைச் சொன்னதுபோலத் தெரியும். முதல் இரண்டு தடவை திருத்துவார். மூன்றாவது தடவை, பாவம் தூரத்திலிருந்து வந்த பிள்ளை என்று “ஆமாம்” என்பார். நீங்களும் டிக் போடுவீர்கள்.

‘என்’ சேர்த்து மட்டும் கேட்பது

உடலுறுப்புப் பெயர்களுக்கு வேறு வழியில்லை, யாருடையது என்று சொல்லாமல் அவை வராது. மற்றவற்றைத் தனியாகவும் உடைமையோடும் இரண்டு விதமாகவும் வாங்குங்கள். நவஹோவில் தண்ணீர் ‘டோ’, மேல்தொனி. ‘அவருடைய தண்ணீர்’ என்றால் ‘பிடோ’. கடைசியில் குரல்வளை அடைப்பு வந்து உட்கார்ந்து, தொனி கீழே இறங்கிவிடும். ஆதியில் நடந்த அதே கதை கண்ணெதிரே நடக்கிறது. ஒன்றை மட்டும் வாங்கி வந்தால் பாதிக் கதைதான்.

ப்ராட் காட்டும் நீலக்கோடு

ப்ராட் என்ற ஒலியாய்வு மென்பொருள் சுருதியை நீலக்கோடாகக் காட்டும். குரல் கரகரக்கும் இடத்தில் அது சுருதியைப் பாதியாகக் கணக்குப் போட்டுவிடும், அல்லது கோட்டையே விட்டுவிடும். இந்த மொழிகளில் குரல்வளை அடைப்புக்குப் பக்கத்தில் கரகரப்பு வராத இடம் குறைவு, பேசுகிறவர்களும் வயதானவர்கள். சுருதி எல்லையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஆண் குரலுக்கு 75–300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100–500 என்று தொடங்கலாம். கோடு திடீரென்று பாதாளத்தில் விழுந்தால் அலைவடிவத்தைப் பெரிதாக்கி அதிர்வுகளைக் கையால் எண்ணுங்கள்.

எம்பி3

வேண்டாம்.

ஃபிரிட்ஜ்

வட அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஃபிரிட்ஜின் உறுமல் 120-லும் வரும், ஆண் குரலின் சுருதி நடமாடும் அதே இடம். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கியதும் உங்கள் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். திரும்பச் சொருகாமல் ஊர் போய்ச் சேர முடியாது. ஒரு குடும்பத்தின் குளிர்காலக் கரிபு மான் இறைச்சி உள்ளே இருக்கிறது.

ஒரே ஆள்

ஒருவர் பேச்சு அவருடைய பேச்சு. இன்னொருவரைத் தேடுங்கள், முடிந்தால் வேறு ஊரிலிருந்து.

உரிமம்

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் ஆய்வு செய்ய உரிமம் கட்டாயம், இனுவிக்கில் உள்ள அரோரா ஆய்வு நிறுவனம் தருகிறது. போகிற ஊர்க்காரர்களிடம் முன்னதாகவே பேசியிருக்க வேண்டும், அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் அவர்களுடையது. விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டு விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள்.