பல் பாலத்துக்கான பொருள்களின் செலவை ஒப்பிடுவது எப்படி

இழந்த பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்களின் தாங்கலோடு நிரப்பும் பல் பாலத்துக்கு, பல் மருத்துவமனையின் விலைப்பட்டியலில் உலோகம், உலோகத்தின்மேல் பீங்கான், ஜிர்கோனியா (உலோகமில்லாத, வெண்ணிறப் பீங்கான் வகை) என்று வரிசையாக எழுதி, எதிரே ஒவ்வொரு தொகை குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்கு உரியது; முழுப் பாலத்துக்கு உரியதன்று. ஒரே ஒரு பல்லை இழந்தவருக்கும் வழக்கமான பாலத்தில் மூன்று யூனிட்டுகள் தேவைப்படும்: இருபுறத் தாங்கு பற்களின்மேல் இரண்டு உறைகள், அவற்றோடு இணைந்து நடுவே நிற்கும் செயற்கைப் பல் ஒன்று. ஆகவே எத்தனை யூனிட்டுகள் என்பதை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பட்டியல் விலையை அதனால் பெருக்கிய பிறகே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் மாறாத செலவுகளைத் தனியே ஒதுக்குங்கள். எக்ஸ்ரே, ஈறு சிகிச்சை, தாங்கு பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கான கட்டணம், சிதைந்த பல்லைக் கட்டியெழுப்பும் வேலை, தற்காலிகப் பாலம் ஆகியவை இதில் அடங்கும். பொருளுக்கேற்ப உண்மையில் மாறுபவை பொருளின் விலையும் லேப் கட்டணமும்தான். ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகவும், இன்னொருவர் பிரித்துப் பிரித்தும் சொல்லும்போது, இந்த ஒதுக்கலைச் செய்யாமல் இரண்டையும் அருகருகே வைத்தால் ஒப்பீடு தவறாகிவிடும்.

உலோகப் பாலங்களில் மலிவானவை நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் கலவைகளால் செய்யப்படுபவை. மெல்லியதாக வார்க்க முடிவதால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கலவையின் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். தங்கக் கலவையின் கணக்கு வேறு. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டின்படி, உயர் உன்னதக் கலவையில் உன்னத உலோகங்கள் (தங்கம், பிளாட்டினம், பல்லேடியம் போன்றவை) குறைந்தது 60 சதவீதமும், அதற்குள் தங்கம் குறைந்தது 40 சதவீதமும் இருக்க வேண்டும்; உன்னதக் கலவைக்கு 25 சதவீத உன்னத உலோகமே போதும். இவை எடைக்கேற்பவும் சந்தை விலைக்கேற்பவும் கணக்கிடப்படலாம் என்பதால், வாய்மொழி மதிப்பீட்டை நம்பாமல், அது எந்த நாள் வரை செல்லும் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய பாலம் ஒரே பெயரில் பல விலைகளில் கிடைக்கிறது. உள்ளேயிருக்கும் கலவை எது, அது வார்க்கப்பட்டதா லேசரால் உருக்கி அடுக்கப்பட்டதா என்பனவற்றைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். இதில் எதிர்பார்க்க வேண்டிய பழுதுகள் இரண்டு: மேற்பூச்சுப் பீங்கான் சில்லாகப் பெயர்வது, ஈறு இறங்கினால் விளிம்பில் உலோகத்தின் கருங்கோடு தெரிவது. பின்னது கடைவாயில் யாருக்கும் தெரியாது. முன்பற்களில்தான் அதைத் தவிர்ப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளுண்டு.

ஜிர்கோனியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் விலை உயர உயர வலிமையும் உயரும் என்ற எண்ணம் இங்கேதான் பொய்த்துப்போகிறது. இட்ரியா என்ற சேர்மானம் குறைவாகச் சேர்ந்த, ஒளியை அதிகம் ஊடுருவ விடாத பழைய வகையின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும் விசையில் உடையாமல் தாங்கும் திறன், ஏறத்தாழ 1,000 மெகாபாஸ்கலை (அந்த வலிமையை அளக்கும் அலகு) எட்டும். இயற்கைப் பல்லைப் போல ஒளி ஊடுருவும்படி இட்ரியாவை மிகுதியாகச் சேர்த்த வகையோ அதைவிடக் கணிசமாக வலிமை குறைந்தது. அழகுக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் வகையைக் கடைவாயின் நீண்ட பாலத்துக்குப் பயன்படுத்துவது சரியான தேர்வாகாது. முழுவதும் ஜிர்கோனியாவா, மேலே பீங்கான் அடுக்கு உண்டா என்றும் கேளுங்கள். அடுக்கு இருந்தால் சில்லுப் பெயரும் அபாயம் இதற்கும் உண்டு. பின்னாளில் அகற்ற நேர்ந்தால் இந்தக் கடினமான பொருளை அறுத்தெடுக்க மருத்துவருக்கு அதிக நேரமும் வைர முனைகளும் செலவாகும் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம்.

லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கான் பார்வைக்கு மிக அழகானது. ஆனால் அதன் வலிமை ஏறத்தாழ 400 மெகாபாஸ்கல்தான் என்பதால், பொதுவாக மூன்று யூனிட்டுக்கு மிகாமல், இரண்டாம் முன்கடைவாய்ப்பல் வரை மட்டுமே அதைப் பரிந்துரைக்கிறார்கள். அதற்கும் பின்னால் வைக்கலாம் என்று யாராவது விலை சொன்னால், காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பக்கத்துப் பற்களின் பின்புறத்தில் சிறகுபோல் ஒட்டப்படும் மேரிலேண்ட் பாலம் பல்லை மிகக் குறைவாகச் செதுக்குவதோடு, பெரும்பாலும் செலவிலும் குறைந்தது. ஒட்டு விட்டுப்போவதே அதன் முக்கியக் குறை. அக்ரிலிக் பாலம் தற்காலிகமானது. இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

இனி ஆண்டுக் கணக்கு. மொத்தச் செலவை எதிர்பார்க்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பது நல்ல முறைதான், ஆனால் விலை கூடிய பொருளுக்கு மட்டும் அதிக ஆண்டுகளை நாமாகவே எழுதிக்கொள்வது தவறு. வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வழக்கமான பாலங்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது 10 ஆண்டுகளுக்குப் பிறகும் வாயில் நிலைத்திருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பாலம் தோற்பதற்கு உறையின் அடியில் தாங்கு பல் சொத்தையாவதும், சிமென்ட் பிடிப்பு விட்டுப்போவதும் முக்கியக் காரணங்கள். இவற்றை எந்த விலையுயர்ந்த பொருளும் தடுத்துவிடாது. எனவே எல்லாப் பொருளுக்கும் ஒரே ஆண்டுக் கணக்கை வைத்து, எஞ்சும் வேறுபாட்டைத் தோற்றத்துக்கும் பல்லைச் செதுக்கும் அளவுக்கும் நாம் கொடுக்கும் விலையாகக் கருதுவதே நேர்மையான கணக்கு என்பது என் கருத்து.

உத்தரவாத அட்டையைக் காட்டிப் பத்து, பதினைந்து ஆண்டு என்று சொல்லப்படும்போது, அது எதற்குப் பொருந்தும் என்பதை வரிவரியாகப் படியுங்கள். பொருள் உடைந்தால் புதிய பாலத்தை லேப் செய்துதரும் என்பதோடு பல உத்தரவாதங்கள் நின்றுவிடும். பழையதை அகற்றுவது, மறுபடி அளவெடுப்பது, ஒட்டுவது ஆகிய மருத்துவரின் வேலைக்கும், பல்லே பழுதாவதற்கும் அவை பொருந்தாமல் போகலாம்.

இருபுறப் பற்களும் எந்தப் பழுதும் இல்லாமல் நலமாக இருந்தால், பொருள்களை ஒப்பிடுவதற்கு முன்பே இம்ப்ளான்ட்டுக்கும் (தாடை எலும்பில் பதிக்கப்படும் செயற்கை வேர்) ஒரு மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கச் செலவு அதில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆனால் நல்ல பற்கள் இரண்டைச் செதுக்க வேண்டியதில்லை, பிற்காலத்தில் அவற்றுக்கு வரக்கூடிய வேர் சிகிச்சையின் செலவும் கணக்கிலிருந்து நீங்கிவிடும்.