வீட்டுக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றும்போது வரும் சந்தேகங்களும் சிக்கல்களும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்காகக் கணினி ஓடாமல் போய்விடாது. ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகள் அடைபடாமல் அப்படியே கிடக்கும். அந்தக் கணினியில் நெட் பேங்கிங் பார்க்கிறீர்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறீர்கள், பிள்ளைகள் கண்ட கண்ட தளத்திலிருந்து விளையாட்டுகளை இறக்குகிறார்கள் என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அதே சமயம் பதறிப்போய் இன்று ராத்திரியே உட்கார்ந்து செய்யவும் வேண்டாம். தொடங்குவதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் நிதானமாகச் செலவழித்தால், பலரும் பயப்படுகிற தொல்லைகளில் பெரும்பாலானவை எட்டிக்கூடப் பார்க்காது.

கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்துகொள்ளச் சொல்லி ஓர் இணைப்பு இருக்கும். வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை செல்லும். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் தேவை. செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது, வேண்டாம் என்றால் 30 டாலர் கட்டலாம். புதுக் கணினி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதில் சேர்ந்துவிட்டு நிதானமாக முடிவெடுப்பதுதான் நல்லது.

உங்கள் கணினி இதற்குத் தாங்குமா?

மைக்ரோசாஃப்ட் தளத்தில் பிசி ஹெல்த் செக் என்ற சிறு செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி ஓட்டினால் முடியும், முடியாது என்று சொல்லிவிடும், முடியாதென்றால் எதனால் என்பதையும் சொல்லும். அடிப்படைத் தேவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கிற பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் வசதி (கிளம்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிப்பது), அப்புறம் ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம், ஒன்றிரண்டு விதிவிலக்குகள் இருக்கின்றன. 4 ஜிபி ரேம் என்பது காகிதத்தில்தான் சரி. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறும், 8 ஜிபி இல்லாமல் இறங்காதீர்கள்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர்ந்துவிட வேண்டாம். கடையில் அசெம்பிள் செய்த கணினிகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருப்பது சகஜம். கணினியை ரீஸ்டார்ட் செய்து, முதல் திரை வரும்போதே டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே வருகிற கணினியின் அடிப்படை அமைப்புத் திரை, திறக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பகுதிக்குள் ஒளிந்திருக்கும். அதை எனேபிள் செய்து சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் செக்யூரிட்டி பகுதியில் பார்த்தால் டிபிஎம் பதிப்பு 2.0 என்று காட்ட வேண்டும். கவனிக்க: டிரைவ் பிட்லாக்கரால் (வட்டில் இருப்பதைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) பூட்டப்பட்டிருந்தால் பயாஸில் கை வைக்கும் முன் கீழே பிட்லாக்கர் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

செக்யூர் பூட்தான் இதைவிடக் குழப்பமானது, கணினி யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் கிளம்பினால்தான் அது இயங்கும். கணினி பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால், பயாஸில் அதை யுஇஎஃப்ஐ என்று மாற்றியதும் விண்டோஸே கிளம்பாது. பலரும் இங்கேதான் அலறிவிடுகிறார்கள். பழையபடி லெகசிக்கு மாற்றினால் கணினி வழக்கம்போலக் கிளம்பிவிடும், ஒன்றும் அழிந்துபோகவில்லை. காரணம், வட்டு எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு வடிவத்தில் இருக்கிறது, யுஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் கிளம்ப அது ஜிபிடி என்ற புதிய வடிவத்தில் இருக்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வட்டின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பகுதியைத் திறந்தால் எது என்று எழுதியிருக்கும். எம்பிஆரை ஜிபிடியாக மாற்ற விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, கோப்புகளை அழிக்காமலே மாற்றித் தரும், மாற்றுவதற்கு முன் வெறும் சோதனையாகவும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனாலும் வட்டின் அடித்தளத்தையே தொடுகிற வேலை என்பதால், பேக்கப் எடுக்காமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பேக்கப்: சி டிரைவில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?

சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் பண்ணுவோம், டி டிரைவுக்கு ஒண்ணும் ஆகாது." சொல்வது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப்பில் நீங்கள் போட்டு வைத்திருக்கிற எல்லாமே சி டிரைவில்தான் இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கின் மின்னஞ்சல் கோப்பு எல்லாம் அங்கேதான். டாலியில் கணக்கு எழுதுபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டாலி பிரைம் தானாகவே தேர்ந்தெடுக்கிற இடம் சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக் ஃபோல்டர், அதற்குள்தான் டேட்டா. நிறுவும்போது வேறு இடம் காட்டியிருந்தால் ஒழிய, ஃபார்மட் செய்ததும் உங்கள் வருடக் கணக்கும் கூடவே போய்விடும்.

ஒன்டிரைவில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் ஒரு தடவை அதைத் திறந்து பாருங்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். அது நிரம்பியதும் மேலே ஏற்றுவது சத்தமில்லாமல் நின்றுவிடும், மேகக் குறியோ பச்சை டிக்கோ இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிற கோப்புகள் உங்கள் வட்டில் மட்டும்தான் இருக்கின்றன. எனவே ஒரு வெளி வட்டு வாங்கி, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கிற ஃபோல்டரை முழுதாகப் படியெடுங்கள், டாலி இருந்தால் பப்ளிக் ஃபோல்டரையும் சேர்த்து. எடுத்த பிறகு அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, நாலு புகைப்படம், ரெண்டு வேர்டு கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

பிட்லாக்கர் சாவி

பிட்லாக்கர் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பலருடைய மடிக்கணினி பூட்டப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கிய பல மடிக்கணினிகளில், விண்டோஸ் ஹோம் பதிப்பிலும்கூட, டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற இதே வகைப் பூட்டு தானாகவே இயங்கத் தொடங்கியிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் மறுபடி கிளம்பும்போது நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. வட்டில் இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போதே, கணினி நன்றாக இருக்கும்போதே, செல்ஃபோன் பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து டிவைசஸ் பகுதியில் அந்தக் கணினியின் கீழ் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கணக்கில் நாலைந்து சாவி இருக்கலாம். நீலத் திரையில் காட்டுகிற கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் கணக்கில் உள்ள ஐடியும் ஒத்துப்போகிற வரிசையில் இருப்பதுதான் சரியான எண். அதை ஒரு தாளில் எழுதி, கணினிப் பையில் வைக்காமல் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பல வீடுகளில் கணினியை முதலில் தொடங்கிக் கொடுத்தது மகனோ மருமகனோ கடைக்காரரோவாக இருக்கும், சாவியும் அவருடைய கணக்கில்தான் கிடக்கும். அவரைக் கேட்டு வாங்கி வையுங்கள். பயாஸைத் தொடும் முன் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்துவிட்டால் அந்தத் திரையே வராது. ஹோம் பதிப்பில் அந்தப் பொத்தான் இல்லையென்றால் டிவைஸ் என்கிரிப்ஷனையே அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஏற்றும் நாளன்று

சி டிரைவில் குறைந்தது 25 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். பிரிண்டர், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், கீபோர்டும் மவுஸும் போதும். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அன்றைக்கு அதை நீக்கிவிடுங்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் மின்தடை அறிவித்திருக்கிற நாளில் தொடங்க வேண்டாம், மடிக்கணினி என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே விண்டோஸ் 11 வந்திருந்தால் அதை அழுத்துவதுதான் எளிது. வரவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு விண்டோஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்குங்கள். 5 ஜிபிக்கு மேல் இருக்கும் என்பதால் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள், அன்றைய டேட்டா பாதியிலேயே தீர்ந்துவிடும். டெலிகிராமில் வருகிற, யாரோ ‘சுருக்கி வேகமாக்கிய’ விண்டோஸ் எல்லாம் வேண்டவே வேண்டாம், உள்ளே என்ன புகுத்தியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஐஎஸ்ஓவை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே இருக்கிற செட்டப்பை ஓட்டினால், கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். அந்தத் தேர்வு மங்கலாக இருந்து அழுத்த முடியவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அநேகமாக மொழி மாறியிருக்கும்: கணினியில் அமெரிக்க ஆங்கிலம் இருக்க, நீங்கள் இன்டர்நேஷனல் ஆங்கிலத்தை இறக்கியிருப்பீர்கள். சரியானதை இறக்கி மறுபடி தொடங்கினால் தேர்வு வந்துவிடும்.

பாதியில் ஒரு சதவீதத்திலேயே நெடுநேரம் நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில்கூட நிற்கலாம். கேபினெட்டில் வட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், மினுக்கினால் வேலை நடக்கிறது, பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்.

தோல்வியடைந்து பழைய விண்டோஸுக்கே திரும்பிவந்து ஏதாவது ஒரு பிழை எண்ணைக் காட்டினால், அந்த எண்ணில் முன்னால் இருக்கிற 0x-ஐ விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள். 80070070 என்றால் இடம் போதவில்லை. சி1900208 என்றால் ஒத்துவராத செயலி ஏதோ இருக்கிறது, அதை நீக்க வேண்டும். சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. கணினி அல்லது போர்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து சிப்செட், வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஏறிய பிறகு

முதல் நாள் மெதுவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், பின்னணியில் அப்டேட்டும் கோப்பு அட்டவணையும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்தும் அப்படியே என்றால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டை மாற்றாமல் வேறு எந்த வைத்தியமும் பலிக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன், இந்தச் செலவு ஒன்றுதான் கண்கூடாகப் பலன் தரும்.

திரையின் மூலையில் ஆக்டிவேட் விண்டோஸ் என்று வந்தால், முன்பிருந்த விண்டோஸே முறையான உரிமத்தோடு போடப்பட்டதல்ல என்று பெரும்பாலும் அர்த்தம். முறையான விண்டோஸ் 10 இருந்தால் உரிமம் தானாகவே தொடரும், தனியாகக் காசு கட்டத் தேவையில்லை.

32-பிட் விண்டோஸ் 10 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 11-ஐ இருக்கிற விண்டோஸின் மேலேயே ஏற்ற வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அப்போது பழைய பிரிண்டரின் 32-பிட் டிரைவரும் வேலைக்கு ஆகாது, 64-பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று முன்பே தேடி வையுங்கள். அப்புறம் தமிழ். மேலேயே ஏற்றினால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். புதிதாக நிறுவினால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் போய்விடும், அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸில் இருப்பதை முன்பே படியெடுத்து வையுங்கள். லதா, விஜயா எழுத்துருக்கள் காணவில்லையென்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று இருப்பதைச் சேர்த்தால் வந்துவிடும். தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன, மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிடிக்கவில்லையா? 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் அழுத்தினால் விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

தகுதியில்லை என்று வந்த கணினி

சோதனையைத் தாண்டிப் போகிற தந்திரங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, அவை வேலையும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. பாதுகாப்புக்காக மாற்றுகிறோம் என்றால் இந்த வழி அந்த நோக்கத்துக்கே பொருந்தவில்லை. வங்கி வேலை செய்கிற கணினியில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரவுசர், யூடியூப், ஆவணங்கள் என்ற அளவில்தான் பயன்பாடு என்றால் லினக்ஸ் மின்ட் என்ற வேறு இயங்குதளம் நல்ல மாற்று. அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. டாலியும் எம்எஸ் ஆஃபிஸும் அதில் நேரடியாக ஓடாது, அவை கட்டாயம் என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம். மற்றவர்கள் பென் டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமலே அதிலிருந்து கிளப்பிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று அங்கேயே சோதித்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள்.