சைடுபார் கீழே இறங்கிவிட்டால் எங்கே தேடுவது

பிளாக்கர் வலைப்பூவின் டெம்ப்ளேட்டில், அதாவது அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரலில், கை வைக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். 'தீம்' பக்கத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது, ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இறங்கும், அதன் பெயரில் தேதியைச் சேர்த்து வையுங்கள். நான்கைந்து கோப்புகள் சேர்ந்த பிறகு எது ஒழுங்காக இருந்த கடைசிப் பிரதி என்று தேடுவது பெரும் அவஸ்தை. அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நிறத்தையும் அகலத்தையும் எழுத்துருவையும் ஒன்றாக மாற்றிச் சேமித்தால், உடைந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, பக்கவாட்டில் இருக்க வேண்டிய சைடுபார் பதிவுகளுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். உடனே டெம்ப்ளேட்டைத் திறக்காதீர்கள். முகப்பைப் பாருங்கள், பிறகு பதிவுகளைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். முகப்பும் ஒரே ஒரு பதிவும் மட்டும் கலைந்து, மற்றவை நன்றாக இருந்தால் கோளாறு அந்தப் பதிவுக்குள்தான். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது: வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியதில் திறக்காத ஒரு டிவ்வுக்கு (பக்கத்தைப் பெட்டிகளாகப் பிரிக்கும் எச்டிஎம்எல் குறி) மூடும் டேக் மட்டும் கூடவே வந்திருந்தது. அது பதிவுகளுக்கான பெட்டியையே முன்கூட்டி மூடிவிட்டது. நான் டெம்ப்ளேட்டில் இரண்டு மணி நேரம் தேடினேன், பதிவின் எச்டிஎம்எல் பார்வையில் அந்த ஒரு டேக்கை நீக்கியதும் சரியாகிவிட்டது.

எல்லாப் பக்கங்களும் கலைந்திருந்தால் அகலக் கணக்கைப் பாருங்கள். வெளிப்பெட்டி 960 பிக்சல், பதிவுப் பகுதி 660, சைடுபார் 300 என்றால் கச்சிதமாகப் பொருந்தும். அழகுக்காகப் பதிவுப் பகுதிக்கு இருபுறமும் 10 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் அது 680 ஆகிவிடும், மொத்தம் 980, இடம் போதாமல் ஃப்ளோட் முறையில் (ஒரு பக்கமாக ஒதுக்கி) அமைத்த சைடுபார் கீழே இறங்கும். சிஎஸ்எஸ்ஸில், அதாவது தோற்ற விதிகளில், பாக்ஸ்-சைசிங் என்பதற்கு பார்டர்-பாக்ஸ் என்று மதிப்பு கொடுத்தால் பேடிங்கும் அந்த 660க்குள்ளேயே அடங்கிவிடும். பெரிய படங்கள் வெளியே வழிந்தால் படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ, இந்த இரண்டு வரிகள் போதும்.

சேமிக்கவே விடாமல் பிழை காட்டுகிறதா? டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல் என்பதால் திறந்த டேக் எல்லாம் மூடியாக வேண்டும், வரி முறிக்கும் டேக்கில்கூடச் சாய்கோடு வேண்டும். வெளியிலிருந்து எடுத்து ஒட்டிய நிரலில் வெறும் & குறி இருந்தாலும் ஏற்காது. பிழைச் செய்தியில் வரும் வரி எண்ணுக்குச் சற்று மேலேயும் தேடுங்கள், தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சேமித்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி கேஷை, அதாவது உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை, தாண்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையா, எஃப்12 அழுத்தி அந்த இடத்தை இன்ஸ்பெக்ட் செய்யுங்கள். உங்கள் வரி அடித்துக் காட்டப்பட்டால் இன்னொரு விதி அதை மீறுகிறது. வரியே அங்கு இல்லையென்றால் அதற்கு மேலே எங்கோ ஒரு சுருள் அடைப்பை மூடாமல் விட்டிருக்கலாம்.

கைபேசியில் மட்டும் பழைய தோற்றம் வந்தால் டெம்ப்ளேட்டைக் குடையாதீர்கள். தீம் பக்கத்தில் மொபைல் அமைப்பைத் திறந்து, கணினிக்கான அதே தோற்றத்தைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள்.