மின்னுவதெல்லாம் துகளல்ல

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர் ஒரு புரதத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கான, சாயம் ஏற்றிய தங்க நானோ துகள்கள் கலந்த ட்யூபைத் தூக்கிக் காட்டி, "வெறும் சாயத்தைவிடப் பத்து மடங்கு ஒளிர்கிறது" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு காலத்தில் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன். இந்த வேலையில் சறுக்கும் இடங்களைக் கீழே சொல்கிறேன்; லேபிள் ஒட்ட மறப்பது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ஒட்டாத சாயத்தையும் கணக்கில் சேர்ப்பது

நடுவில் தங்கத் துகள், மேலே பாலிமர் உறை, அதன் வெளிப்புறத்தில் ஒளிரும் சாயம். உறையின் முக்கிய வேலை இடைவெளி கொடுப்பது. சாயம் உலோகத்தை ஒட்டி, சில நானோமீட்டருக்குள் இருந்தால் ஒளிர்வை உலோகமே விழுங்கிவிடும். 10 நானோமீட்டர் வாக்கில் தள்ளியிருந்தால்தான் ஒளிர்வு கூட வாய்ப்பு.

நான் சாயத்தைச் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றித் துகள்களை அடியில் படியவைக்கும் கருவி) ஒரே ஒரு முறை சுற்றி, மேலே நிற்கும் தெளிநீரைக் கொட்டிவிட்டுத் துகள்களின் ஒளிர்வை அளந்தேன். வரைபடம் அள்ளியது. மூன்று மாதச் சோதனைகளை அதன்மேல் அடுக்கினேன். ஒருநாள் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) கலந்த மாதிரியை ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் சுற்றிப் பார்த்தால், துகள்கள் அடியில் அடர்சிவப்புப் பொட்டாகக் கிடக்கின்றன. ஒளிர்வோ மேலே தெளிநீரில்! பிணைந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு சாயம், உப்பிய உறைக்குள் சும்மா ஊறிக் கிடந்திருக்கிறது. சீரத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் அதை வெளியே இழுத்துவிட்டது. தேடும் புரதம் துளிகூட இல்லாத மாதிரியிலும் சிக்னல் வந்தது இதனால்தான். இன்றும் நினைத்தால் எரிச்சல்.

தெளிநீரைக் கொட்டாதீர்கள், அதன் ஒளிர்வை அளந்து பாருங்கள். அது வெறும் பஃபரின் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) அளவுக்கு இறங்கும்வரை துகள்களைக் கழுவுங்கள். கடைசிக் கழுவல் ஆல்புமின் கலந்த பஃபரில். ஒரு ராத்திரி வைத்து மறுபடி பாருங்கள். அப்புறம், 'பத்து மடங்கு' என்று சொல்வதற்கு முன் தங்கத்தைச் சயனைடில் கரைத்து, அதே சாயம் உலோகம் இல்லாமல் எவ்வளவு ஒளிர்கிறது என்று ஒப்பிடுங்கள். சாயத்தைச் சயனைடு கெடுக்கவில்லையா என்பதைத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்க, நச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் மட்டும். அமிலம் அந்தப் பக்கமே வரக்கூடாது.

உப்பை ஒரே மூச்சில் கொட்டுவது

உப்பு ஒரேயடியாக ஏறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். கரைசலின் சிவப்பு நீலமானால் துகள்கள் கட்டிக்கொண்டன என்று அர்த்தம். பெரும்பாலும் மீளாது.

உறையின் தடிமனுக்கு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை மட்டும் நம்புவது

அதில் தெரிவது காய்ந்து சுருங்கிய உறை. தண்ணீருக்குள் அது எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதற்கு ஒளிச்சிதறல் அளவீடும் (துகள்களில் ஒளி சிதறுவதை வைத்து அளவைக் கணிப்பது) வேண்டும்.

அடர்த்தியாக அளப்பது

சிறிய தங்கத் துகள்கள் 520 நானோமீட்டர் அருகில் ஒளியை நன்றாக உறிஞ்சும். பச்சைச் சாயம் ஒளிர்வதும் ஏறக்குறைய அங்கேதான். அதனால் கரைசல் அடர்த்தியாக இருந்தால் சாயத்தின் ஒளியைத் துகள்களே விழுங்கிவிடும். சரி, பாதி அடர்த்தியாகும்படி நீர் கலந்து பாருங்கள். சிக்னல் ஏறினால், இத்தனை நாளும் அளந்தது, துகள்கள் விழுங்கியதுபோக மிச்சத்தைத்தான்.