ஷெங்கன் சுற்றுலா விசா: பிலிப்பைன்ஸ் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர், தாய்லாந்து, ஹாங்காங் போன்ற இடங்களுக்கு விசா இல்லாமலே சுற்றுலா சென்று வரலாம். அதனால் பலருக்கு முதல் சில வெளிநாட்டுப் பயணங்கள் விமானச் சீட்டும் தங்குமிடமும் பதிவு செய்வதோடு முடிந்துவிடுகின்றன. ஐரோப்பாவுக்குப் போக எண்ணும்போதுதான் தம் வேலை, வருமானம், குடும்பம், ஊர் திரும்பும் எண்ணம் அனைத்தையும், தம்மை நேரில் அறியாத ஓர் அதிகாரிக்குத் தாள்களைக் கொண்டே நிறுவ வேண்டிய நிலை முதன்முறையாக வருகிறது. எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மிகாமல் ஐரோப்பாவின் 29 நாடுகளில் தங்க அனுமதிக்கும் ஷெங்கன் குறுகியகால விசாவின் விதிகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா நெறித்தொகுப்பில் எவரும் படிக்கும்படியே உள்ளன. ஆயினும் நேர்மையான பயணிகள் பலர் மறுப்புக் கடிதத்தோடு திரும்புகிறார்கள். இதற்குப் பணம் போதாததைவிட, இணைத்த தாள்கள் ஒன்றையொன்று மறுத்துப் பேசுவதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

அப்படி முரண்பாட்டை உண்டாக்கும் தவறுகளில் முதலாவது, பிலிப்பைன்ஸில் ‘ஷோ மணி’ என்று எல்லோரும் அறிந்த வழக்கம். விண்ணப்பத்துக்குச் சற்று முன்னர் உறவினரிடமோ வட்டிக்கோ பெருந்தொகை வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, விசா முடிவு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாதம் 35,000 பெசோ சம்பளம் வரும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்து மாதங்களாக அதில் 15,000 பெசோவுக்கு மேல் நிலைத்து நின்றதில்லை; ஆறாவது மாதத்தில், நேர்காணலுக்குப் பத்து நாள் முன்னால், ஒரே வரவாக மூன்று லட்சம் பெசோ விழுகிறது. வங்கி தரும் சான்றிதழில் அன்றைய இருப்பு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அதே சான்றிதழில் சராசரி தினசரி இருப்பு குறிக்கப்பட்டிருந்தால், இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியே நடந்ததைச் சொல்லிவிடும். சான்றிதழில் அது இல்லாவிட்டாலும், உடன் கேட்கப்படும் பல மாதக் கணக்கு அறிக்கையில் அந்த ஒற்றை வரவு தனித்து நிற்கும். பணம் குறைவாக இருப்பவரிடம் அதிகாரி காணாத ஐயத்தை, பணம் திடீரென்று பெருகியவரிடம் காண்கிறார். பத்து நாள் பயணத்தை ஆறு நாளாகச் சுருக்கி, சொந்தச் சேமிப்புக்குள் அடங்கும் திட்டத்தோடு போவது இதைவிடப் பல மடங்கு நல்லது.

பெருந்தொகை வரவு எல்லாமே தவறென்று இதற்குப் பொருளில்லை. பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி டிசம்பர் 24-க்குள் தரப்பட வேண்டிய பதின்மூன்றாம் மாதச் சம்பளம், நிலம் விற்ற பணம், வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ மாதந்தோறும் அனுப்பும் பணம் ஆகியவை முறையான வரவுகளே. தவறு எங்கே நிகழ்கிறதென்றால், அவற்றுக்கான சம்பளச் சீட்டையோ விற்பனைப் பத்திரத்தையோ பணம் அனுப்பிய ரசீதுகளையோ இணைக்காமல், பார்ப்பவர் தாமே புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுவதில்தான். விளக்கக் கடிதத்தில் ‘இன்ன தேதி வரவு இன்ன காரணத்தால் வந்தது, சான்று இத்தனையாவது பக்கத்தில் உள்ளது’ என்று ஒரே வரி எழுதினால் போதும்.

வேலை பற்றிய தாள்களிலும் இதே பொருத்தம்தான் தேவை. நிறுவனம் தரும் பணிச் சான்றிதழில் பதவி, சேர்ந்த நாள், சம்பளம், அனுமதிக்கப்பட்ட விடுப்பு நாட்கள் எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் சம்பளம், வருமான வரித் துறையின் 2316 படிவத்தில் உள்ள ஆண்டு வருமானத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஊதிய உயர்வு கிடைத்து எண்கள் மாறியிருந்தால் அதையும் குறிப்பிட்டுவிடலாம். ஆண்டுக்கு 2,50,000 பெசோ வரை வருமான வரி இல்லாததால், தம் படிவத்தில் வரி சுழியம் என்றிருப்பதைப் பார்த்து அதை இணைக்கவே கூச்சப்படுபவர்கள் உண்டு. அப்படி விடத் தேவையில்லை, ஏனெனில் அந்தப் படிவம் வரியின் அளவைவிட வேலையின் உண்மையையே முக்கியமாகக் காட்டுகிறது.

வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையவழியில் வேலை செய்யும் இளைஞர்களின் சிக்கல் வேறு. அவர்களுக்குப் பணிச் சான்றிதழ் தர ஒரு நிறுவனம் இல்லை. இந்த இடத்தில்தான் நண்பரின் கடைப் பெயரில் ஒரு சான்றிதழ் அடித்துக்கொள்ளும் ஆபத்தான யோசனையை யாராவது சொல்லிக் கொடுக்கிறார்கள். தூதரகம் அந்தச் சான்றிதழில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கக்கூடும். போலி ஆவணம் என்று முடிவானால் அந்தக் காரணத்தோடு பதிவாகும் மறுப்பு, ஷெங்கன் நாடுகள் அனைத்தும் பார்க்கக்கூடிய விசா தகவல் அமைப்பில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். அதற்குப் பதிலாக, சுயதொழில் செய்பவராக வரித் துறையில் பதிந்து, ஆண்டு வரிக் கணக்கையும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களையும் பணம் வந்த விவரங்களையும் காட்டுவதே வழி. இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தப் பொறுமை வேண்டும்.

பெயர் நிரப்புவதில் வரும் குழப்பம் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கே உரியது. அங்கே ஒருவரின் நடுப்பெயர் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர். தாய் வழியில் சாண்டோஸ், தந்தை வழியில் ரெயெஸ் என்றிருக்கும் ஒரு பெண், க்ரூஸ் குடும்பத்தில் மணம் முடித்துக் கணவர் பெயரை ஏற்றால், ரெயெஸ் நடுப்பெயராகவும் க்ரூஸ் குடும்பப்பெயராகவும் மாறி, சாண்டோஸ் முற்றிலும் மறைந்துவிடும். அவருடைய பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொன்று, பழைய வங்கிக் கணக்கில் மூன்றாவது ஒன்று என்று இருப்பது சாதாரணம். ஷெங்கன் படிவத்தில் பிறப்பின்போது இருந்த குடும்பப்பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. அதில் ரெயெஸ் என்று எழுதாமல் மறுபடியும் க்ரூஸ் என்றே எழுதுவதும், நடுப்பெயரை முதற்பெயரோடு ஓரிடத்தில் சேர்த்து வேறோரிடத்தில் விடுவதும் அடிக்கடி நடப்பவை. படிவம், காப்பீடு, விமானப் பதிவு மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதி, பெயர் மாற்றத்தை விளக்க பி.எஸ்.ஏ. எனப்படும் புள்ளியியல் ஆணையம் தரும் திருமணச் சான்றிதழை இணைக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் விதி தெளிவாக இருக்கிறது. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால், முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸில் மூன்று இரவு, இத்தாலியில் ஐந்து இரவு என்றால் விண்ணப்பம் இத்தாலிக்கு உரியது. முன்பதிவு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டில் ஐந்து இரவு தங்குவதுபோல் விடுதிகளைப் பதிந்து, விசா கிடைத்ததும் அவற்றை ரத்து செய்வோர், எல்லையில் விடுதிப் பதிவைக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்கள். சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் விதி. துபாயில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் செவிலியர் அங்கேயே, தம் வதிவிட அனுமதியோடு விண்ணப்பிக்கலாம். இதற்காக மணிலாவுக்கு வரத் தேவையில்லை.

தேதிகளிலும் கவனம் வேண்டும். மணிலாவிலிருந்து 9-ஆம் தேதி இரவு புறப்படும் விமானம் ஐரோப்பாவில் 10-ஆம் தேதி இறங்கும். படிவம் கேட்பது ஷெங்கன் பகுதிக்குள் நுழையும் நாளை. வீட்டை விட்டுக் கிளம்பும் நாளை அல்ல. தங்கும் நாட்களை எண்ணும்போது நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். குறைந்தது 30,000 யூரோ ஈடுதரும் மருத்துவக் காப்பீடு, இந்த நாட்கள் அனைத்துக்கும், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னரும், கடைசி 15 நாட்களுக்குள்ளும் விண்ணப்பம் ஏற்கப்படுவதில்லை. முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள்; கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை ஆகும். நெரிசலான மாதங்களில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே தாமதமாகும் என்பதால், மூன்று மாதம் முன்பே தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். விசா கையில் வருமுன் பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்கிவிடாதீர்கள். பெரியவர்களுக்கான 90 யூரோ கட்டணம் மறுப்பு வந்தாலும் திரும்பாது. அதனோடு சீட்டுப் பணத்தையும் இழக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் காதலரையோ மணமுடித்துப் போன சகோதரியையோ பார்க்கப் போகும் பெண்கள், சந்தேகப்படுவார்கள் என்று அஞ்சி ‘சுற்றுலா’ என்று மட்டும் எழுதி உறவை மறைத்துவிடுகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறைப்பதால் நன்மை இல்லை. விடுதிப் பதிவு ஒப்புக்காக இருப்பதும், பயணச் செலவை வேறொருவர் ஏற்பதும் கோப்பிலேயே தெரிந்துவிடும். குடும்பத்தினரையோ நண்பரையோ பார்க்கும் பயணம் என்று உள்ளதை உள்ளபடி குறித்து, அழைப்பவர் தரவேண்டிய ஆவணத்தைப் பெற வேண்டும். ஜெர்மனியில் அழைப்பவர் தம் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் செலவுப் பொறுப்பேற்புப் பத்திரம் பெறலாம். பிரான்சில் நகராட்சி, தங்கவைப்பதற்கான சான்றிதழ் தரும். இவற்றோடு, பிலிப்பைன்ஸில் தமக்குள்ள வேலை, படிப்பு, பிள்ளைகள், பெற்றோர் பொறுப்பு ஆகியவற்றின் சான்றுகளையும் முழுமையாகச் சேர்ப்பது அவசியம். உரிய காலத்தில் ஊர் திரும்புவார் என்பதில் நியாயமான ஐயம் இருந்தால், அதுவே மறுப்புக்குப் போதுமான காரணம் என்று நெறித்தொகுப்பு கூறுகிறது.

மறுப்பு வந்துவிட்டால், காரணம் குறிக்கப்பட்ட படிவம் கையில் கிடைக்கும். மேல்முறையீடு செய்யும் முறையும் அதில் இருக்கும். அதைப் படிக்காமல், அதே தாள்களை அடுத்த வாரமே இன்னொரு ஷெங்கன் நாட்டிடம் கொண்டுபோவதால் பயனில்லை. முந்தைய முடிவை அவர்களும் பார்ப்பார்கள். குறிக்கப்பட்ட குறையைச் சரிசெய்த பிறகு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். இதற்குக் காத்திருப்புக் காலம் இல்லை. ஜப்பான் விசாவில் நிலைமை இதைவிடக் கடினம்: அங்கே மறுப்புக்கான காரணத்தை விளக்குவதில்லை, அதே நோக்கத்துக்கான புதிய விண்ணப்பத்தை ஆறு மாதம் ஏற்பதுமில்லை.

விசா ஒட்டிய கடவுச்சீட்டு வந்ததும் பெயரையும் தேதிகளையும் அன்றே சரிபாருங்கள். பிழையிருந்தால் உடனே தெரிவித்தால்தான் திருத்த முடியும். கோப்பின் நகல்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், மணிலா விமான நிலையத்தில் பிலிப்பைன்ஸ் குடிவரவு அதிகாரிகளே பயண நோக்கத்தையும் செலவு ஏற்பவரையும் பற்றிக் கேட்பார்கள். பதில் திருப்தி தராவிட்டால், விசா இருந்தும் பயணியை நிறுத்திவிட அவர்களால் முடியும். விடுப்புக் கடிதம், திரும்பும் சீட்டு, விடுதிப் பதிவு, அழைப்பவரின் ஆவணம் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருங்கள். புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் பிலிப்பைன்ஸ் அரசின் ‘இ-டிராவல்’ (eTravel) என்ற இணையவழிப் பயணப் பதிவையும் முடிக்க வேண்டும். அது முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல.